கடல்மேல் ஹெலிகாப்டர் விபத்து: ஏன் விழுந்தது என்பது பாதிக் கேள்விதான்

எண்ணெய்க் கிணற்று மேடைக்கு ஆள் ஏற்றிப் போன ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது என்று செய்தி வந்தால், அன்றைக்கு டி.வி.யில் ஓடுவது ஒரே கேள்விதான்: இயந்திரக் கோளாறா, விமானியின் தவறா? ராணிப்பேட்டை, ஆற்காடு, வாலாஜா, குடியாத்தம் பக்கம் இந்தச் செய்தி வெறும் செய்தியாக மட்டும் போவதில்லை. ஐ.டி.ஐ. முடித்து வெல்டராக, ஃபிட்டராக, ரிக்கராக, ஸ்காஃபோல்டராக பாம்பே ஹைக்கும் வளைகுடாவுக்கும் போன பிள்ளைகள் இந்த ஊர்களில் உண்டு. அந்த வீடுகளில் எழும் கேள்விகள் வேறு. அவ்வளவு பேரும் ஏன் ஹெலிகாப்டரில் போகிறார்கள்? விழுந்தது தண்ணீரில்தானே, நீச்சல் தெரிந்தவன்கூட ஏன் பிழைக்கவில்லை? இழப்பீட்டுக்கு யாரிடம் போவது?

ஏன் விழுந்தது, விழுந்த பிறகு ஏன் வெளியே வர முடியவில்லை என்ற இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். காரணங்கள் வேறு, பொறுப்பாளிகள் வேறு, தீர்வும் வேறு. நம் செய்திகள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. தொழிலாளியின் உயிர் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

படகு இருக்க ஹெலிகாப்டர் ஏன்?

பாம்பே ஹை எண்ணெய் வயல் மும்பைக் கரையிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர். 10 நாட் (மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர்) வேகத்தில் போகும் சப்ளை படகுக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். மும்பையின் ஜுஹு தளத்திலிருந்து கிளம்பும் ஹெலிகாப்டருக்கு முக்கால் மணி நேரம் போதும். நேரத்தைக்கூட விட்டுவிடலாம். படகிலிருந்து மேடைக்கு ஆளை ஏற்ற கிரேனில் தொங்கும் கூடைதான் வழி. ஜூன் முதல் செப்டம்பர் வரை அலை எழும்பும் காலத்தில் அந்தக் கூடைப் பயணமும் ஆபத்தானதுதான். ஆகவே ஹெலிகாப்டரை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

இரண்டு இன்ஜின், ஒரே கியர்பாக்ஸ்

ஆள் ஏற்றிக் கடலுக்குப் போகும் ஹெலிகாப்டர்களில் இரண்டு இன்ஜின் இருக்கும். ஒன்று நின்றாலும் மற்றதை வைத்துக்கொண்டு கரை சேரலாம். ‘இன்ஜின் நின்றுபோனதால் விழுந்தது’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது கடல் விபத்துகளில் அவ்வளவாகப் பொருந்தாததற்கு இதுதான் காரணம்.

இந்த இரண்டு இன்ஜினின் சக்தியும் போய்ச் சேரும் முதன்மை கியர்பாக்ஸ் மட்டும் ஒன்றே ஒன்று. இன்ஜின் டர்பைன் நிமிடத்துக்கு 20 ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். பெரிய ஹெலிகாப்டரின் மேல் ரோட்டர், அதாவது தலைமேல் சுழலும் இறக்கைத் தொகுதி, சுற்றுவது 260 சுற்று அளவில்தான். இந்த வேக இறக்கம் முழுக்க அந்த ஒரு பெட்டிக்குள் நடக்கிறது. வால் ரோட்டருக்குப் போகும் சக்தியும் அங்கிருந்தே பிரிகிறது. அது பழுதானால் மாற்று கிடையாது. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகள் அருகே 1986 நவம்பர் 6 அன்று 45 பேர் பலியான, முன்னும் பின்னுமாக இரண்டு ரோட்டர் கொண்ட சினூக் ஹெலிகாப்டரின் விபத்தும் அப்படித்தான் நடந்தது. முன்பக்க கியர்பாக்ஸில் ஒரு பற்சக்கர வளையம் உடைந்து, முன் ரோட்டரும் பின் ரோட்டரும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

மூன்று ஸ்டட்: நியூஃபவுண்ட்லாந்து, 2009

சின்னப் பொருள் எப்படிப் பெரிய விபத்தாகிறது என்பதற்கு, நன்றாக ஆராயப்பட்ட இந்த ஒன்றை விரிவாகப் பார்ப்பது பயன் தரும். 2009 மார்ச் 12 அன்று, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள செயின்ட் ஜான்ஸ் நகரிலிருந்து கடல் எண்ணெய் வயல்களுக்குக் கிளம்பிய சிகோர்ஸ்கி எஸ்-92 ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. அதிலிருந்த 18 பேரில் 17 பேர் இறந்தார்கள்.

1. கியர்பாக்ஸின் எண்ணெய் ஃபில்டர் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கும். அந்தக் கிண்ணத்தைப் பிடித்திருந்தவை மூன்று டைட்டானியம் ஸ்டட்டுகள், அதாவது நட்டு மாட்டும் தலையில்லாத போல்ட்டுகள்.

2. ஃபில்டரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நட்டைக் கழற்றி மாட்ட வேண்டும். டைட்டானியத்துக்கு ஒரு குணம் உண்டு: மேல்பூச்சு தேய்ந்தால் மரையும் நட்டும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். எஸ்.எஸ். போல்ட் பாதியில் பிடித்துக்கொள்வதை ராணிப்பேட்டை சிப்காட் பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள் கண்டிருப்பார்கள். அதே சங்கதிதான். மரை கடித்துவிட்டால் டார்க் ரென்ச் சரியான அளவைக் காட்டும், ஆனால் அந்த விசை மரை உரசலிலேயே போய்விடும். ஸ்டட்டில் விழ வேண்டிய இழுவிசை விழாது.

3. இறுக்கம் குறைந்த ஸ்டட் ஒவ்வொரு அதிர்விலும் மிகச் சிறிதாக இழுபட்டுத் தளரும். அதுவே நாளடைவில் உலோகச் சோர்வாகி விரிசல் விடும். ஒன்று உடைந்ததும் அதன் சுமை பக்கத்து ஸ்டட் மேல் ஏறும்.

4. பறந்துகொண்டிருக்கும்போது ஸ்டட்டுகள் உடைந்தன, கிண்ணம் விலகி எண்ணெய் கொட்டியது. சிவப்பு எச்சரிக்கை வந்தது. விமானிகள் 9,000 அடியிலிருந்து இறங்கி, 800 அடி உயரத்தில் கரையை நோக்கிப் பறந்தார்கள்.

5. எண்ணெய் இல்லாமல் சூடேறியதில் வால் ரோட்டருக்குச் சக்தி தரும் பற்சக்கரம் பல்லிழந்தது. எச்சரிக்கைக்கும் கடலில் மோதியதற்கும் இடையே ஏறக்குறைய 11 நிமிடம்.

விமானிகள் உடனே ஏன் கடலில் இறக்கவில்லை? எண்ணெய் இல்லாமலே இந்த கியர்பாக்ஸ் 30 நிமிடம் ஓடும் என்ற எண்ணம் அந்தத் துறையில் பரவலாக இருந்தது. எண்ணெய் போனபின் 30 நிமிடம் ஓட வேண்டும் என்பது விதி. எண்ணெய் போவது ‘மிக மிக அரிது’ என்று காட்டிவிட்டால் அந்தச் சோதனையில் தேற வேண்டியதில்லை என்பது அதே விதியின் பின்கதவு. 2002-ல் நடந்த சோதனையில் இந்த கியர்பாக்ஸ் 11 நிமிட அளவில் நொறுங்கியது. அதன்பின் நிறுவனம், எண்ணெய் கசிய வாய்ப்புள்ள இடம் ஆயில் கூலர் பக்கம் மட்டுமே என்று வைத்து, அதைத் துண்டிக்க ஒரு வால்வு கொடுத்து, பின்கதவு வழியாகச் சான்று வாங்கியது. ஃபில்டர் கிண்ணம் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

2008 ஜூலையில் ஆஸ்திரேலியாவில் இதே ஸ்டட்டுகள் உடைந்து, ஹெலிகாப்டர் எப்படியோ தரையில் இறங்கிப் பிழைத்தது. 2009 ஜனவரி 28 அன்று, டைட்டானியத்தை எடுத்துவிட்டு எஃகு ஸ்டட் போடுங்கள் என்று தயாரிப்பாளர் அறிவிப்பு வெளியிட்டார். கெடு 1,250 பறப்பு மணி அல்லது ஓராண்டு. கெடு முடிய நிறைய அவகாசம் இருந்தபோதே 17 பேர் போய்விட்டார்கள். விபத்துக்குப் பின் வந்த ஆணை, மாற்றாமல் அடுத்த பறப்பே கூடாது என்றது. மாற்ற வேண்டியது மூன்று ஸ்டட். கோளாறு தெரிந்த பிறகு எத்தனை நாள் அவகாசம் கொடுப்பது என்பதைத் தொழில்நுட்ப முடிவாக மட்டும் பார்க்க முடியாது. உயிரை எடைபோடும் முடிவு அது.

எட்டில் ஒன்று: 2009-லும் 2016-லும்

அதே 2009-ல், ஏப்ரல் 1 அன்று, ஸ்காட்லாந்து கடலில் ஒரு சூப்பர் பூமா ஹெலிகாப்டர் விழுந்து 16 பேரும் இறந்தார்கள். 2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயின் தூரோய் தீவருகே அதே குடும்பத்தைச் சேர்ந்த எச்225 விழுந்து 13 பேர் இறந்தார்கள். இரண்டிலும் மேல் ரோட்டர் அப்படியே பிடுங்கிக்கொண்டு பறந்துவிட்டது. அந்த நிலையில் எந்த விமானியாலும் எதுவும் செய்ய முடியாது.

இரண்டுக்கும் காரணம் கியர்பாக்ஸின் இரண்டாம் கட்டத்தில் நடுச் சக்கரத்தைச் சுற்றி ஓடும் எட்டுப் பற்சக்கரங்களில் ஒன்றில் விழுந்த விரிசல். வழக்கமாக உலோகம் தேய்ந்தால் எண்ணெயில் துகள் கலக்கும். கியர்பாக்ஸில் உள்ள காந்த முளை அந்தத் துகளைப் பிடித்து எச்சரிக்கும். 2009 விபத்தில் சில நாள் முன்பு ஒரு துகள் கிடைத்தது, ஆனால் அது எங்கிருந்து உதிர்ந்தது என்பது பிடிபடவில்லை. தூரோயில் இன்னும் மோசம். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழியில் தொடங்கிய விரிசல், சக்கரத்தின் உள்பக்கமாகவே ஓடி, எச்சரிக்கும் அளவுக்குத் துகள் உதிர்க்காமல் உடைத்துவிட்டது. அதிர்வைக் கண்காணிக்கும் ஹம்ஸ் கருவியும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த கியர்பாக்ஸ் 2015-ல் ஆஸ்திரேலியாவில் லாரியில் போகும்போது சாலை விபத்தில் சிக்கிப் பழுதுபார்க்கப்பட்டது என்பதும் பிறகு தெரியவந்தது.

‘முறையாகப் பராமரித்திருந்தால் தப்பியிருக்கும்’ என்ற வழக்கமான வாசகம் இங்கே எடுபடாது. தூரோயில் விழுந்தது, எல்லாச் சோதனையையும் ஒழுங்காகச் செய்தும் கண்டுபிடிக்க முடியாத விரிசல். குறை வடிவமைப்பில் இருந்தது.

இயந்திரம் நன்றாக இருந்தும்

ஷெட்லாந்தின் சம்பர்க் விமான நிலையத்தை 2013 ஆகஸ்ட் 23 அன்று நெருங்கிய சூப்பர் பூமாவில் எந்தப் பழுதும் இல்லை. மேகத்துக்குள் இறங்கும்போது, இறங்கு வேகத்தை ஆட்டோபைலட் பார்த்துக்கொண்டது. முன்னோக்கிய வேகத்தை விமானி தன் கையால், இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். சக்தி போதவில்லை. இறங்கு வேகத்தை மாறாமல் வைக்க ஆட்டோபைலட் மூக்கைத் தூக்கிக்கொண்டே போனது. 80 நாட்டில் நிற்க வேண்டிய வேகம் சரிந்துகொண்டே வந்தது. விமானிகள் இருவரில் ஒருவரும் வேக அளவைக் கவனிக்கவில்லை. ஹெலிகாப்டர் கடலில் விழுந்து, 18 பேரில் நான்கு பேர் இறந்தார்கள்.

கடல்மேல் பறப்பதில் இந்த ஆபத்து இரட்டிப்பு. தரையில் மரம், வீடு, சாலை கண்ணுக்கு அளவு தரும். மங்கலான நாளில் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம், அடிவானமே தெரியாது. கடலுக்கு மேல் பறக்க விமானி தனியாகப் பழக வேண்டியிருப்பது அதனால்தான். அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில் கடற்படை ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அந்தப் பக்கத்து ஊர்களுக்கு ஹெலிகாப்டர் சத்தம் புதிதல்ல.

வெயிலும் ஒரு கணக்கு. 15 டிகிரியை வைத்துத்தான் ஹெலிகாப்டரின் திறனைக் கணக்கிடுகிறார்கள். நம் கத்திரி வெயில் போல 42 டிகிரி அடித்தால் காற்று லேசாகி, கடல்மட்டத்தில் நிற்கும் ஹெலிகாப்டர் 3,000 அடிக்கு மேலே நிற்பது போல நடந்துகொள்ளும். தூக்கும் திறன் குறையும். ஏறும் முன் ஆளையும் பையையும் எடைபோடுவது இதனால்தான். எடையைக் குறைத்துச் சொல்வது விளையாட்டல்ல.

தண்ணீரில் முதல் ஒரு நிமிடம்

இன்ஜினும் கியர்பாக்ஸும் கூரைமேல் இருப்பதால் ஹெலிகாப்டர் தலைகனம் கொண்டது. தண்ணீரில் விழுந்தால் கவிழும். அதைத் தாமதப்படுத்த, வயிற்றோரம் மடித்து வைத்த மிதவைப் பைகள் விழும்போது வாயுவால் ஊதிக்கொள்ள வேண்டும். மெதுவாக இறக்கினால் பைகள் வேலை செய்யும். வேகமாக மோதினால் பைகளே கிழிந்துபோகலாம். நியூஃபவுண்ட்லாந்தில் பைகள் உதவவில்லை, ஹெலிகாப்டர் 169 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது.

பை ஊதினாலும் அலை பெரிதாக இருந்தால் கவிழ்வது உறுதி. கடல் நிலை 5 என்றால் அலை 2.5 முதல் 4 மீட்டர். தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் அந்த நிலைக்கு அடிக்கடி போகும்.

கவிழ்ந்த கூண்டுக்குள், தலைகீழாக, கண்ணுக்குள் தண்ணீர் புகும் நிலையில் கடைசி ஆள் வெளியே வர முக்கால் நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஆகும். பதற்றத்தில் மூச்சடக்க முடிவது பலருக்கு அதில் பாதிதான். வட கடலின் குளிர்ந்த நீரில் இன்னும் குறைவு. நம் கடல் வெதுவெதுப்பாக இருப்பது நமக்கொரு சாதகம், ஆனால் இந்த இடைவெளியை அது மூடிவிடாது. நீச்சல் தெரிந்தும் இறப்பது இங்கேதான். ஆற்று நீச்சல், கிணற்று நீச்சல் எல்லாம் கூண்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் உதவும்.

அதனால்தான் ஹூயட் எனப்படும் பயிற்சி. குளத்துக்குள் ஒரு பொம்மைக் கூண்டை இறக்கித் தலைகீழாகத் திருப்புவார்கள். வெப்பமண்டலக் கடலில் வேலைக்குப் போகிறவர்களுக்கான டி-பாசியட் என்ற பாதுகாப்புப் பயிற்சியில் இதுவும் அடக்கம், சான்று நான்கு ஆண்டு செல்லும். அங்கே கற்றுத்தரும் வரிசை இது. வரிசை மாறினால் உயிருக்கு ஆபத்து:

1. மோதலுக்கு முன் குனிந்து உடலை இறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு கை ஜன்னல் விளிம்பில், மறு கை பெல்ட் பக்கிளில்.
2. கூண்டு சுழல்வது நிற்கும்வரை, தண்ணீர் நிறையும்வரை அசையக் கூடாது. முன்பே கழற்றினால் தண்ணீர் அடித்துப் புரட்டி, மேல் எது, கீழ் எது என்றே தெரியாமல் போகும்.
3. முதலில் ஜன்னலைத் தள்ளுங்கள், பெல்ட் பிறகு. பெல்ட் போட்டிருந்தால்தான் தள்ள உடலுக்குப் பிடிமானம் கிடைக்கும்.
4. விளிம்பைப் பிடித்த கையை விடாமல், பெல்ட்டைக் கழற்றி, அந்தக் கையைப் பின்தொடர்ந்து வெளியேறுங்கள்.
5. வெளியே வந்த பிறகே லைஃப் ஜாக்கெட்டை ஊத வேண்டும். உள்ளே ஊதினால் அது உங்களைத் தரைப்பக்கம், அதாவது இப்போது மேலே இருக்கும் பக்கம், அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது பாதுகாப்பு, ஜாக்கெட்டோடு வரும் சின்ன மூச்சுக்கருவி. நல்ல வகையைத் தண்ணீருக்கடியிலேயே, 12 விநாடிக்குள், எடுத்து வாயில் வைக்க முடியும். 2013 விபத்தில் இருந்த பயணிகளிடமும் ஒரு கருவி இருந்தது. அதற்குள்ளேயே காற்று அடைத்து வைத்திருந்தது. அந்த விஷயத்தைப் பறப்புக்கு முந்தைய விளக்கம் தெளிவாகச் சொல்லவில்லை. உயிர்க்காற்று மார்பிலேயே இருந்தும் அது இருப்பது தெரியாத நிலை. அதன்பின் 2014-ல் பிரிட்டன் விமானத்துறை, நல்ல மூச்சுக்கருவி இல்லாவிட்டால் தள்ளித் திறக்கும் ஜன்னலுக்குப் பக்கத்து இருக்கைகளில் மட்டுமே ஆளை உட்கார வைக்க வேண்டும் என்றது. அகலத் தோள்காரரை அவர் நுழையக்கூடிய ஜன்னலருகே உட்கார வைக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. விதி அங்கே சட்டம். நம் கடலில் பறக்கும் ஆளுக்கு, என் ஜாக்கெட்டில் மூச்சுக்கருவி உண்டா, என் பக்கத்து ஜன்னல் திறக்குமா என்று கேட்க உரிமை உண்டு. கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

நம் கடலில் நடந்தவை

2003 ஆகஸ்ட் 11 அன்று, மழைக்காலத்தில், ஓ.என்.ஜி.சி. ஊழியர்களோடு போன எம்.ஐ-172 ஹெலிகாப்டர் மும்பைக்கு அப்பால் விழுந்து 27 பேர் இறந்தார்கள். 2018 ஜனவரி 13 அன்று ஜுஹுவிலிருந்து கிளம்பிய, பவன் ஹன்ஸ் நிறுவனத்தின் டாஃபின் ஹெலிகாப்டர் விழுந்தது. ஐந்து ஓ.என்.ஜி.சி. அதிகாரிகளும் இரண்டு விமானிகளும் பிழைக்கவில்லை.

2022 ஜூன் 28 விபத்து இந்தக் கட்டுரையின் இரண்டாவது கேள்விக்கு நேராகப் பொருந்துகிறது. சாகர் கிரண் என்ற எண்ணெய்த் துளையிடும் மேடையில் (ரிக்) இறங்கப் போன சிகோர்ஸ்கி எஸ்-76டி, ரிக்குக்குச் சற்றுத் தொலைவில் கடலில் விழுந்தது. மிதவைப் பைகள் ஊதின. ஒன்பது பேரில் ஐவர் பிழைத்தார்கள், நால்வர் இறந்தார்கள். மால்வியா-16 என்ற சப்ளை படகும் ரிக்கின் மீட்புப் படகும் அருகிலேயே இருந்தன. உதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நால்வர் போனார்கள் என்றால், கவிழ்ந்த கூண்டிலிருந்து வெளியேறும் அந்த ஒரு நிமிடத்தைத்தான் முதலில் ஆராய வேண்டும்.

விசாரணை அறிக்கையை எப்படிப் படிப்பது

விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவுதான் இங்கே விசாரிக்கும் அமைப்பு. சர்வதேச விதிப்படி முதற்கட்ட அறிக்கை 30 நாளில், இறுதி அறிக்கை முடிந்தால் 12 மாதத்தில். முதற்கட்ட அறிக்கையில் நடந்தது மட்டுமே இருக்கும், காரணம் இருக்காது. அதை வைத்து ‘விமானி மேல் தவறில்லை’ என்றோ ‘மூடி மறைக்கிறார்கள்’ என்றோ முடிவுகட்டுவது அவசரம். இறுதி அறிக்கையும் குற்றவாளியைக் காட்ட எழுதப்படுவதில்லை, இன்னொன்று நடக்காமல் தடுக்கவே எழுதப்படுகிறது. முதலில் படிக்க வேண்டியது, தப்பிப் பிழைத்தல் பற்றிய பகுதி: யார் எந்த இருக்கை, எந்த ஜன்னல் திறந்தது, பைகள் ஊதினவா. நாளிதழ்கள் தொடாத பக்கமும் அதுதான்.

இழப்பீடு: வேலூரிலிருந்தே கேட்கலாம்

2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 நடப்புக்கு வரும்வரை இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ன் கணக்கு இது: மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரி முதல் அந்தச் சட்டத்தில் கணக்கில் எடுத்த சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். 30 வயதுக்காரருக்குக் காரணி 207.98. ஆக 7,500-ஐப் பெருக்கினால் 15,59,850 ரூபாய். நிஜச் சம்பளம் 60,000 ஆக இருந்தாலும் அந்தச் சட்டத்தில் இதுதான் கிடைத்தது. நிறுவனக் காப்பீடு, விமான நிறுவனத்தின் பொறுப்பு ஆகியவை இதற்கு அப்பால் தனி. இதை வாங்கிக்கொண்டு ‘இனி வேறு எதுவும் கேட்க மாட்டேன்’ என்ற தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வக்கீலைப் பார்ப்பது நல்லது.

கான்ட்ராக்டர் மூலம் போனவர் என்றால் முதன்மை நிறுவனத்திடமே கேட்கலாம், அது பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளும். குடும்பம் மும்பைக்கு ஓடவும் வேண்டாம். மனுவை, குடும்பம் வசிக்கும் பகுதியில் இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் அதிகாரியிடமே கொடுக்கலாம்.

பத்தாவது தேறாமல் இ.சி.ஆர். (குடியேற்ற அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட்டில் வளைகுடா போனவருக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் விபத்து மரணத்துக்கு 10 லட்சம் உண்டு. அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாகப் போயிருந்தால்தான் அந்த பாலிசி இருக்கும். விசிட் விசாவில் அனுப்பிவைக்கும் ஏஜென்ட்டிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

இதற்கெல்லாம் அடிப்படை ஆவணம், ஹெலிகாப்டர் கிளம்பும் முன் எழுதும் பயணிகள் பட்டியல். உடல் கிடைக்காமல் போனால் அவர் அதில் ஏறினார் என்பதற்கு முக்கியச் சான்று அதுதான். நம் பக்கத்துப் பெயர்களில் சிக்கலும் இங்கேதான் வரும். ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால், கம்பெனி அடையாள அட்டையில் வெறும் பெயர் என்று மூன்று விதமாக இருக்கும். வாரிசுச் சான்றுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கும்போது இந்த மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிப்பதிலேயே மாதங்கள் போகும். வேலைக்குக் கிளம்பும் முன் கம்பெனிப் பதிவில் உள்ள பெயரையும், நாமினியின் பெயரையும், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்த்து, அந்தப் பக்கங்களின் நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.